மூன்று மணி ஓலை

அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரை ஒரு பட்டியலில் சேர்ப்பதும் தப்பு, கேட்காமல் எடுப்பதும் தப்பு என்று இருந்தவர் அவர். எழுதட்டுமா என்று கேட்க ஒரு ஃபோன் போட்டால் போதும். எண் என்னிடம் இருக்கிறது. போடத்தான் தைரியம் வரவில்லை. ஆகவே மேடம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஐந்து வருஷம் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்னதும் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. ஆபீஸில் 'எல்லோருக்கும்' என்று ஒரு மெயில் போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேருகிறதே, அந்த எல்லோரும் யார் யார் என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். கேன்டீன் குழு, ரத்ததானக் குழு, அடையாறு வேன் குழு என்று ஏகப்பட்ட மெயில் குழுக்கள். சேர், எடு, சேர், எடு. ரேஷன் கார்டு ஆபீஸில் இருக்க வேண்டிய ஆள் என்று என் மனைவி சொல்வாள்.

எங்கள் கம்பெனி தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியை எங்கள் முதலாளிகள் வாங்கினார்கள். ஆட்களை வாங்கினார்கள், நாற்காலிகளை வாங்கினார்கள், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கை மட்டும் ஒன்றாக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்படியே கிடந்தது. இங்கே ஒரு நெட்வொர்க், அங்கே ஒரு நெட்வொர்க். மெயில் குழுக்களை மட்டும் எங்கள் பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். அந்த ஆபீஸ் குழுக்களுக்கு உரிமையாளர் என்ற இடத்தில் மேடத்தின் பெயரைப் போட்டோம். அங்கே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

இரண்டாம் நாளே ஃபோன் வந்தது.

"சார், வணக்கம். குழுவைத் திறந்தா ஓனர்னு என் பேரு காட்டுது. பட்டனை அமுக்கினா உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வருது. ரெண்டுல எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்புங்க மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குழு எங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறது, அவருடைய கணக்கு அவர்கள் நெட்வொர்க்கில் இருக்கிறது, அதனால் பெயருக்குத்தான் உரிமையாளர், கை வைக்க முடியாது என்று விளக்கினேன். வீட்டுப் பத்திரம் அவர் பேரில், சாவிக்கொத்து எங்கள் வாட்ச்மேன் இடுப்பில். அந்த வாட்ச்மேன் நான். இன்றைக்குத் திறந்து பார்த்தாலும் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது.

"அப்ப நான் சொல்றேன், நீங்க அமுக்கறீங்க. எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?"

வாயில் வந்ததைச் சொன்னேன், மூன்று மணி என்று. மறுநாளிலிருந்து மூன்று என்றால் மூன்று. எங்கள் கேன்டீனில் டீ போடுகிறவர் என் ஃபோன் அடிப்பதைக் கேட்டுத்தான் பாலை அடுப்பில் வைப்பார்.

சேர்க்க வேண்டிய பெயர்களைக் கடகடவென்று சொல்லி முடித்துவிடுவார். எடுக்க வேண்டிய பெயர் வந்தால்தான் இம்சை. ஒருவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார், பழைய குழுவிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கும். அமுக்கினால் மூன்று விநாடி வேலை. மேடம் முதலில் அந்த ஆளுக்கு ஒரு மெயில் எழுதுவார். அப்புறம் ஃபோனில் கேட்பார். அப்புறம் நேரிலேயே அவர் சீட்டுக்குப் போய் நிற்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் மூன்று மணிக்கு என்னிடம் சொல்வார்.

"கேட்டுட்டேன் சார். சரின்னுட்டாங்க. எடுத்துடுங்க."

இந்த மூன்று வாக்கியம், இதே வரிசை. ஒரு நாளும் மாறியதில்லை.

"மேடம், ஒரு மெயில் குழு. என்னமோ சொத்தை எழுதி வாங்கற மாதிரி இவ்வளவு பண்றீங்களே" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"கேட்காம எடுத்தா அவங்களா ஒருநாள் கண்டுபிடிப்பாங்க சார். பக்கத்து சீட்டுக்கு வந்த மெயில் தனக்கு வரலைன்னு. அப்ப அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. நான் யார் மூஞ்சியையும் பார்க்காமல் செய்கிற வேலைதானே.

அவர் வீடு சாந்தோமில், அவர் கோயில் என்று சொல்லும் சர்ச்சுக்குப் பின் தெருவில். தலைமுறை தலைமுறையாக அந்தச் சர்ச்சின் பங்கு மக்கள்தான். வீட்டில் எல்லோரும் டீச்சர்கள், அவர் ஒருத்தர்தான் கம்ப்யூட்டருக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர்டு டீச்சரான அம்மாவும் அவரும் மட்டும்.

"எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க சார்" என்றார் அன்றைக்கு. "இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னு. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்கூட எழுந்து நின்னது கிடையாது. அதுக்காக வாசிக்காம விட்டுடறாங்களா?"

அதிலிருந்து எங்களுக்குள் அது ஓலை ஆகிவிட்டது. "ஓலை வாசிச்சாச்சா மேடம்?" என்று நான் கேட்பேன். "ரெண்டு ஆச்சு சார், ஒண்ணு பாக்கி" என்பார். ஃபோனை வைத்ததும் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் அதை அவர் குரலிலேயே பேசிக் காட்டுவேன். நன்றாகச் சிரிப்பார்கள். இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அந்த ஆபீஸில் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தார். அடையாற்றங்கரையில் அவர்கள் குடியிருப்பை இடித்து ஊருக்கு வெளியே எங்கேயோ அடுக்குமாடியில் போட்டுவிட்டார்கள். அடையாறு வேன் அந்தப் பக்கம் போகாது. வேன் குழுவிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லி எழுதி வந்தது. மேடம் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் சொன்னதை மூன்று மணிக்கு எனக்கு அப்படியே சொன்னார்.

"அந்த வண்டி இன்னைக்கு லேட்டுன்னு மெயில் வந்தா நா பாத்துக்கினு இருப்பேன் மேடம். வூடுதான் பூட்ச்சு. அதுவாச்சும் இருந்துட்டுப் போட்டுமே, உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

"எடுக்க வேணாம் சார்" என்றார் மேடம். உத்தரவு போட்ட ஆளிடம் அவரே போய்ப் பேசி, அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்க வைத்தார்.

"செத்துப் போனவங்களை எப்படிக் கேப்பீங்க?" என்று ஒருமுறை மடக்கினேன். உண்மையிலேயே ஒருவர் இறந்திருந்தார், பெயர் ஏழு குழுக்களில் இருந்தது. "அவங்க வீட்ல கேப்பேன்" என்றார். கேட்டார். ஆதம்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய், அந்த மனிதரின் மனைவியிடம் கேட்டுவிட்டு வந்தார். "சட்டுன்னு சரின்னுட்டாங்க சார். காபி வேற குடுத்தாங்க. நான்தான் தெருமுனையில அரை மணி நேரம் நின்னுட்டேன்."

இதற்கெல்லாம் ஒரு எளிய வழி இருந்தது. எங்கள் நெட்வொர்க்கிலும் அவருக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தால் அவரே பட்டனை அமுக்கியிருப்பார். முதல் வருஷமே கேட்டார். மேலே எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். எழுதவில்லை. ஐந்து வருஷமும் எழுதவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கைக் கொடுத்துவிட்டால் அந்த மூன்று மணி ஃபோன் நின்றுபோகும், அதுதான் காரணம். எனக்கு அது வேண்டியிருந்தது.

நேரில் ஒரே தடவைதான் பார்த்தேன். அவர் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. ஆபீஸ் இன்ஷூரன்ஸில்தான் செய்ய வேண்டும், அதற்கான காகிதத்தில் கையெழுத்து வாங்க தி.நகருக்கு வந்திருந்தார். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் துணிப்பை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். காலையில் நொச்சிக்குப்பத்தில் வாங்கி வறுத்த வஞ்சிரம்.

"மீன் சாப்பிடுவீங்களா சார்? அய்யோ, கேட்காமலே கொண்டுவந்துட்டேன் பாருங்க."

"அஞ்சு வருஷத்துல முதல் தடவை மேடம்" என்றேன். அப்போது சிரித்தார். நான் நின்றுகொண்டே மொத்தத்தையும் சாப்பிட்டேன். அம்மாவை எப்படியாவது நடக்க வைத்துவிட வேண்டும், இந்த ஈஸ்டருக்காவது தன் காலால் கோயிலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் சார் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு இரண்டு தாள் கொடுத்தார். எல்லாம் ராஜா அண்ணாமலைபுரத்துப் பெயர்கள்.

"நாலு மணிக்கு எம்.டி. அந்த ஆபீஸ் 'எல்லோரும்' குழுவுக்கு ஒரு மெயில் போடறாரு. இந்த மெயில் உங்களுக்கு வந்திருந்தால் நீங்கள் எங்களோடு தொடர்கிறீர்கள்னு. வராதவங்களை திங்கக்கிழமை ஹெச்.ஆர். கூப்பிட்டுப் பேசிக்கும். மூணே முக்காலுக்குள்ள இவங்க யாரும் அந்தக் குழுவுல இருக்கக் கூடாது."

"அந்தப் பக்கத்து மேடத்துகிட்ட ஒரு வார்த்தை..."

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. விட்டீங்கன்னா மூணாவது தாள் ஒண்ணு அடிக்க வேண்டி வரும்."

சீட்டுக்கு வந்து படித்தேன். முதல் தாளில் எலக்ட்ரீஷியன். இரண்டாம் தாளில் மேலிருந்து ஏழாவது, மேடம்.

அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியம் தயிர் சாதம் சாப்பிட்டேன். மாவடு நன்றாக இருந்ததுகூட நினைவிருக்கிறது. இரண்டரைக்கு உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன். பெயரைத் தேடு, தேர்ந்தெடு, நீக்கவா என்று ஒரு பெட்டி வரும், ஆம். அடுத்தது. மூன்று மணிக்கு முதல் தாளை முடித்து இரண்டாவதற்கு வந்திருந்தேன். ஃபோன் அடித்தது.

"சார், இன்னைக்கு ஒண்ணுதான். பிரசவ லீவுல இருக்கிற பொண்ணு, ஷிப்ட் குழுவுல இருந்து எடுக்கச் சொல்றாங்க. மெயில் போட்டுட்டேன், பதில் இல்ல. குழந்தை தூங்கற நேரமா பார்த்துத்தான் கூப்பிடணும். திங்கக்கிழமை வரைக்கும் விட்டுடுங்க சார்."

"சரி மேடம்" என்றேன். அந்தப் பெண்ணின் பெயர் இரண்டாம் தாளில் ஐந்தாவது. அதை அப்போதுதான் 'எல்லோரும்' குழுவிலிருந்து எடுத்து முடித்திருந்தேன்.

"டைப் அடிக்கற சத்தம் கேக்குது. வேலையா இருக்கீங்களா?"

"இல்ல மேடம், பேசுங்க."

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கேட்டிருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவது பெயரை எடுத்தேன். ஏழாவதைத் தேடினேன். அவர் பெயர் வந்தது. நீக்கவா என்றது பெட்டி. குரல் காதில் இருக்கிறது, பெயர் திரையில் இருக்கிறது. இல்லை என்பதை அமுக்கினேன். கேட்காமல் எடுக்கக் கூடாது, முதலில் சொல்லிவிடுவோம், சொல்லிவிட்டு எடுப்போம் என்று நினைத்தேன். அவ்வளவு யோக்கியமான நினைப்பு.

"வேற ஒண்ணும் இல்லையே சார்?" என்றார். தினமும் ஃபோனை வைப்பதற்கு முன்னால் இப்படித்தான் கேட்பார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

வைத்துவிட்டார். எட்டாவது பெயரிலிருந்து கடைசி வரைக்கும் எடுத்தேன். ஏழாவதற்குத் திரும்பிப் போகவில்லை. மூன்றே முக்காலுக்கு மேனேஜர் வந்து முடிஞ்சுதா என்றார். முடிஞ்சுது என்றேன்.

நாலு மணிக்கு மெயில் போயிற்று. நாலு இருபதுக்கு ஃபோன். ஒரே நாளில் அவர் இரண்டாம் முறை கூப்பிட்டது அன்றுதான்.

"சார், என்ன நடக்குது? எனக்கு மெயில் வந்திருக்கு. என் வரிசையில நாலு பேருக்கு வரலை. நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா மேடம். மேல இருந்து சொன்னாங்க."

"மூணு மணிக்கு நான் பேசறப்பவே எடுத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"மாதாவே" என்றார். பின்னால் யாரோ அழுவது கேட்டது. பிறகு அவரே பேசினார். "சரி. நான் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசறேன். ஓனர்னு என் பேருதானே போட்டிருக்கு. எனக்கு வந்திருக்கே சார், அப்ப வராதவங்களுக்காக நான்தானே பேசணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மேடம், உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. நாலே வார்த்தை. நான் "சரி மேடம்" என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இருந்தேன். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை. என்ன ஆச்சு உங்களுக்கு என்று என் மனைவி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். எனக்குள் நிஜமாகவே ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போலத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. புது எண்.

"சார், நான்தான். என் செல்லுல இருந்து பேசறேன்."

"சொல்லுங்க மேடம்."

"காலையில கார்டு வேலை செய்யலை. மெஷின் ரிப்பேர் போல மேடம்னு செக்யூரிட்டி கேட்டைத் திறந்து விட்டுட்டான். மேல போனா என் சீட்டுல ஹெச்.ஆர். பொண்ணு உட்கார்ந்திருக்கு." சாதாரணமாகத்தான் சொன்னார், வேறு யாருக்கோ நடந்ததைப் போல. "வெள்ளிக்கிழமை லிஸ்ட்லயே என் பேரு இருந்துதாமே சார்."

"ஆமா மேடம்."

ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நிற்பது எப்படி என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ரெண்டு நாளும் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிட்டேன் சார். ஒருத்தர் பாக்கியில்ல. அந்த எலக்ட்ரீஷியன் என்ன சொன்னான் தெரியுமா? நீங்க உள்ள கீறீங்க இல்ல மேடம், அது போதும், எங்களுக்கோசரம் பேசுவீங்கன்னான். ஆமாப்பா, நான் உள்ள இருக்கேன், பேசறேன்னு சொன்னேன். எல்லாருக்கும் அதையேதான் சொன்னேன். இப்ப மறுபடி ஒவ்வொருத்தரா கூப்பிட்டு இல்லைன்னு சொல்லணும். அம்மாவுக்கு சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி வாங்கிட்டேன். ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இனி இல்லையே, அதையும் வேணாம்னு சொல்லணும்."

"மேடம், நான் வந்து..."

"இருங்க சார். மூணு மணி வேலையை முடிச்சுடுவோம். ஒரு பேரு எடுக்கணும். எங்க ஆபீஸ் 'எல்லோரும்' குழுவுல."

தன் பெயரை இனிஷியலோடு முழுசாகச் சொன்னார்.

"கேட்டுட்டேன் சார். சரின்னுட்டாங்க. எடுத்துடுங்க."

தேடினேன். பெட்டி வந்தது. ஆம்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு மேடம்."

"வெள்ளிக்கிழமை நீங்க கேட்டிருந்தாலும் சரின்னுதான் சார் சொல்லியிருப்பேன்" என்றார்.

கேன்டீனில் டீ வந்துவிட்டது, யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வேற ஒண்ணும் இல்லையே சார்?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.